படு

எட்டாம் வகுப்புக்கென்று நான் எழுதிய ஒன்றரைப் பக்கம்
கெஸீனெயின் மேசைக்குப் போயிற்று.
அவளுக்கு நாற்பத்தொரு வயது, டவுன் சிண்ட்ரோம்.
செவ்வாயும் வியாழனும் வேலை:
சுலப மொழியில் எழுதிவிட்டதாக நம்புகிறவர்களின்
தாள்களைச் சோதிப்பது.
சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பாள்.
கேட்டால் காட்டுவாள். கேட்காவிட்டாலும்.

நான் எழுதியிருந்தேன்:
நோயாளிகள் விடுதிகளிலிருந்து மாற்றப்பட்டார்கள்.
சாம்பல்நிறப் பேருந்துகளில் ஏற்றப்பட்டார்கள்.
பிராண்டன்பர்க்கின் பழைய சிறைக்குள் கொண்டுசெல்லப்பட்டார்கள்.
கொல்லப்பட்டார்கள்.

‘நோயாளிகள்’ மீது முதலில் விரலை வைத்தாள்.
“எனக்கு நோய் கிடையாது.”
அப்புறம் ஒவ்வொரு ‘பட்டார்கள்’ மீதும்
கதவைத் தட்டுவதுபோல் தட்டினாள்.
“யாரு?”
“இங்க யாரு?”
“எல்லா வரியிலும் செஞ்சவன் ஓடிப்போயிட்டான்.”

அடித்துத் திருத்தச் சிவப்புப் பென்சில் நீட்டினேன்.
வாங்கவில்லை. அவளிடம் பச்சை இருந்தது.
பெர்லினில் சில மருத்துவர்கள்
ஒருமுறைகூடப் பார்க்காத மனிதர்களின் படிவங்களில்
நீலத்தில் கழித்தல் போட்டால் வாழலாம்,
சிவப்பில் கூட்டல் போட்டால் சாவு.
அது என் தாளிலேயே நான் எழுதியிருந்தது.
நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மதியத்துக்குள் தாள் இப்படி ஆகியிருந்தது:
மருத்துவர்கள் கொன்றார்கள்.
செவிலியர்கள் உடையைக் கழற்றச் சொன்னார்கள்.
ஓட்டுநர்கள் பேருந்து ஓட்டினார்கள்.
எழுத்தர்கள் வீட்டுக்குப் பொய்க் கடிதம் போட்டார்கள்:
குடல்வால் வீங்கி இறந்தார் என்று,
குடல்வாலை என்றோ எடுத்துவிட்டிருந்த ஒருவருக்கு.
ஊர் மக்கள் புகையைப் பார்த்தார்கள்.

“இப்போ சுலபமா?” என்றேன்.
“வாசிக்கச் சுலபம்” என்றாள்.
தேநீர் எடுக்கப் போனவள்
வெகு நேரம் திரும்பவில்லை.

வகுப்பில், புள்ளியெழுத்துத் தாளில் ஓடிய மெர்லெயின் விரல்
‘ஓட்டுநர்கள்’ என்ற இடத்தில் திரும்பித் திரும்பி வந்தது.
அவள் அப்பா பேருந்து ஓட்டுகிறவர்.
‘கருணை’ என்று அவர்கள் வைத்த பெயரைக் காட்ட
சைகைக்காரர் கையைத் தூக்கினார்,
காற்றில் நிறுத்தினார்,
இரண்டு விரலால் அதற்கு மேற்கோள் குறி போட்டார்.
மடியில் கை கோத்திருந்த இலியாஸ்
அந்தக் குறியை மட்டும் தனக்குத்தானே ஒருமுறை செய்துபார்த்தான்.

ஃபீட்டெ கண்ணால் எழுதுகிறவன்.
திரையில் ஓர் எழுத்தைப் பார்த்து, காத்து, அடுத்ததைப் பார்த்து.
காத்திருப்பது எங்கள் வகுப்புக்குப் பழகிவிட்டது,
அந்நேரத்தில் ஆப்பிள் தின்பவர்களும் உண்டு.
நான்கு நிமிடத்துக்குப் பின் இயந்திரக் குரல் கேட்டது:
“அந்தப் படிவத்தில் என் பேருக்கு?”

என் வாயில் ஒரு ‘போடப்பட்டிருக்கும்’
வந்து நின்றது. விழுங்கினேன்.
“சிவப்புப் போட்டிருப்பார்கள்” என்றேன்.
“அந்த மருத்துவர்கள்.”
ஆப்பிள் கடிக்கும் சத்தம் நின்றது.
ஃபீட்டெ திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
அதற்குப் பிறகு நான் என்ன பாடம் நடத்தினேன்
என்று யாராவது கேட்டால் எனக்கு நினைவில்லை.

மறுவாரம் நினைவிடத்துக்குக் கிளம்பினோம்.
இருபத்திரண்டு பேர், ரொட்டிப் பொட்டலங்கள், கெஸீனெயும்.
மழை பிடிக்கவில்லை, ரயில் நேரத்துக்கு வந்திருந்தது.
நடைமேடைக்கு ஏறும் இடத்தில்
அழகாக அச்சடித்த ஓர் அட்டை:
மின்தூக்கி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது.
சிரமம் பொறுத்துக்கொள்ளப்படவும்.

முப்பத்தாறு படிகள். யாரோ எண்ணினார்கள்.
சக்கர நாற்காலியைத் தூக்கிவிடலாம் என்றார்கள் இரண்டு பையன்கள்,
நூற்றைம்பது கிலோ, பாட்டரியோடு.
மேலே ரயில் கதவை மூடும் மணி.
கெஸீனெ சட்டைப்பையில் துழாவினாள்,
சம்பளச் சீட்டுக்குப் பின்னால் பச்சைப் பென்சில்.
‘பட்டுள்ளது’ என்பதன் கீழே கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

நிலைய அலுவலர் ஓடிவந்தார், “அதில் எழுதக் கூடாது.”
ஃபீட்டெயின் திரையில்
ஒரே ஒரு சொல் வந்துகொண்டிருந்தது.
நாங்கள் காத்திருந்தோம்.
அவரையும் காத்திருக்கச் சொன்னோம்.